சுயமுன்னேற்றம்: யாருடைய சுயம், எதுவரை முன்னேற்றம்?

எங்கள் பகுதியில் இருக்கும் அரசு மாணவர் விடுதி ஒன்றுக்குச் சனிக்கிழமைதோறும் போய்வருகிறேன். ஆதிதிராவிடர் நல விடுதி என்று இருந்ததற்கு 2025இல் சமூகநீதி விடுதி என்று பேர் மாற்றினார்கள். பலகை புதுசு, குளியலறைக் கதவு பழசு. அங்கே சமீபத்தில் ஒரு பேச்சாளரைக் கூட்டிவந்திருந்தார்கள். கோட்டு போட்டு, கன்னத்தோரம் மைக் மாட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பேசினார். எண்ணத்தை மாற்று, வாழ்க்கை மாறும். கடவுளை நம்பு, உன்னை நம்பு. உழைப்புக்குச் சாதி கிடையாது. உன் வெற்றிக்குத் தடை நீயேதான். பையன்களை எழுந்து நிற்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, பத்து வருஷம் கழித்துத் தாங்கள் உட்காரப்போகும் நாற்காலியை நினைத்துப் பார்க்கச் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பையன்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். போகும்போது தான் எழுதிய புத்தகத்தைப் பாதி விலைக்குக் கொடுத்தார். இருபது முப்பது பேர் வாங்கினார்கள்.

கூட்டம் கலைந்ததும் ஒரு தம்பி பக்கத்தில் வந்து நின்றான். படிப்பை முடித்தும் ஊருக்குப் போக மனசில்லாமல், சிநேகிதன் அறையில் ஒண்டிக்கொண்டு குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவன். "அண்ணா, நாலு தடவ எழுதிட்டேன். இவுரு சொல்றதப் பாத்தா எம் மனசுலதான் ஏதோ கோளாறு போலருக்கு" என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் வெளியே நின்று கல்லெறிகிறவன் ஆகிவிடுவேன். பிளஸ் டூ படிக்கும்போது கிளை நூலகத்தில் எடுத்து நான் படித்த முதல் தடித்த புத்தகம் எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்'. அமெரிக்கா போய்ப் படித்து, அங்கே தொழில் நடத்தித் திரும்பியவர் அவர். 1988இல் மக்கள் சக்தி இயக்கம் தொடங்கினார். அதே வருஷம் பாலசந்தர் எடுத்த 'உன்னால் முடியும் தம்பி' படத்தின் நாயகனுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அந்தப் புத்தகம் எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் பொய். அதுவரை பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்துச் சொல்லப்பட்ட வாக்கியங்கள் எல்லாம் "நீயெல்லாம்..." என்றுதான் ஆரம்பித்தன. முதல் தடவையாக ஒரு புத்தகம், "நீ" என்று மட்டும் விளித்து, உன்னால் ஆகும் என்றது. அந்த ஒற்றை 'நீ'க்காகவே அதை இரண்டு தடவை படித்தேன். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படித்தேன். பாஸானேன். கல்லூரிக்குப் போனேன். எம்.ஏ. தமிழ் முடித்தேன்.

அப்புறம் ஒரு கல்லூரியில் வேலைக்கான நேர்முகத்துக்குப் போனேன். தொல்காப்பியத்திலிருந்து ஒரு கேள்வி, சிலம்பிலிருந்து ஒரு கேள்வி. இரண்டுக்கும் ஒழுங்காகவே சொன்னேன். மூன்றாவது கேள்வி, எந்த ஊரு? நான்காவது, ஊருல எந்தப் பக்கம்? ஐந்தாவதுதான் நுட்பமான கேள்வி: உங்க குலதெய்வம் எது தம்பி? பக்தியாகத்தான் கேட்டார் பெரியவர். சாமி பேரைச் சொன்னதும் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார்கள். வேலை வேறொருவருக்குப் போனது.

எனக்கு வெட்கமான விஷயம் அதற்கு அப்புறம் நடந்ததுதான். கோபமே வரவில்லை. ஆறு மாசம் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினேன். குரலில் உறுதி போதவில்லை, பார்வை தாழ்ந்துவிட்டது, உள்ளுக்குள் தோல்வி எண்ணம் இருந்திருக்கிறது, அதைத்தான் அவர்கள் கண்டுகொண்டார்கள் என்று நம்பினேன். கண்டுகொண்டது என் குலதெய்வத்தை. இது எனக்கு விளங்க ஆறு மாசம் ஆனது. எம்.ஏ. படித்தவனுக்கே ஆறு மாசம் என்றால், நாலு தடவை குரூப் 4 எழுதிய தம்பிக்கு எத்தனை வருஷம் ஆகும்?

சுயமுன்னேற்ற நூல் என்கிற பிரதியின் மேல் என் முதல் குற்றச்சாட்டு இங்கேதான் இருக்கிறது. அதன் 'நீ'க்குத் தெரு கிடையாது. அந்த 'நீ'க்கு ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், அடமானம் வைத்த கம்மல், படிப்பை நிறுத்திய அக்கா எதுவும் இல்லை. சாதியைச் சொல்லாமல் விடுவது பெருந்தன்மை மாதிரித் தோன்றும். ஆனால் சாதியை அழித்துவிட்டு எழுதப்படும் 'நீ' எப்போதுமே சாதி இல்லாதவன் அல்ல. சாதி தன்னைத் தடுக்காதவன். அவனுக்கு ஜெயித்தால் தன் முயற்சி, தோற்றால் தன் சோம்பல் என்று சொல்வது ஓரளவு பொருந்தலாம். அதே அளவுகோலைக் கொண்டுவந்து நம் பிள்ளைகள் முதுகில் வைக்கும்போது, நேர்முக அறையில் இருந்த மூன்று பேர் காணாமல் போய்விடுகிறார்கள். குற்றவாளிக் கூண்டில் பையனின் மனசு மட்டும் தனியாக நிற்கிறது.

இந்த வகை எழுத்துக்கே ஒரு பூர்வீகக் கதை உண்டு. சுயஉதவி என்ற பேரிலேயே 1859இல் சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய புத்தகம்தான் இதற்கெல்லாம் தாத்தா. அந்தப் புத்தகம் எங்கிருந்து பிறந்தது தெரியுமா? இங்கிலாந்தின் வடக்கே லீட்ஸ் நகரத்தில் கொஞ்சம் தொழிலாளி இளைஞர்கள், கொஞ்சம் தெரிந்தவன் இன்னும் கொஞ்சம் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்து, சாயங்கால வகுப்பு ஒன்றைத் தாங்களே ஆரம்பித்தார்கள். முன்பு காலரா நோயாளிகளைப் போட்டுவைத்திருந்த ஒரு கூடத்தை, வேறு யாரும் வாடகைக்கு எடுக்கப் பயந்த அந்தக் கூடத்தை, இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அங்கே வந்து பேசச் சொல்லி ஸ்மைல்ஸைக் கூப்பிட்டார்கள். அந்தப் பேச்சுகள் வளர்ந்துதான் புத்தகம் ஆனது. கூட்டாகச் சேர்ந்து படித்தவர்களிடம் போய்ப் பேசிவிட்டு வந்தவர், புத்தகத்தில் எழுதியது பெரும்பாலும் தனித்தனி மனிதர்கள் தம் முயற்சியால் உயர்ந்த கதைகளை. காலராக் கூடம் முன்னுரையோடு நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் வந்தவர்கள், 1937இல் நெப்போலியன் ஹில், 1952இல் நார்மன் வின்சென்ட் பீல், அந்தக் கூடத்தையும் விட்டுவிட்டார்கள். தமிழுக்கு வந்து சேர்ந்தது கூடம் இல்லாத புத்தகம். நம் சேரிகளில் ஓலைக் கொட்டகையில் இரவுப் பள்ளி நடத்தியவர்களுக்கும் அந்த லீட்ஸ் பையன்களுக்கும்தான் உறவு. கோட்டு போட்ட பேச்சாளருக்கு அல்ல.

உழைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எங்கம்மா பன்னிரண்டு வயசில் நடவுக்கு இறங்கியவள். உழைப்பு உயர்த்தும் என்பது உண்மையானால் இந்நேரம் அவளுக்கு ஒரு காணி நிலமாவது இருக்க வேண்டும். இருப்பது இடுப்பு வலி. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்ட 44 பேர் உழைக்காதவர்களா? உழைத்த கூலியில் கொஞ்சம் நெல் கூடக் கேட்ட கூட்டத்து மக்கள். தமிழ் படித்தவன் என்பதால் ஒன்று தோன்றுகிறது: மேடைக்கு மேடை திருக்குறளின் 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையை எடுத்து வீசுகிறவர்கள், அதே நூலில் ஊழ் என்று 38ஆவதாக ஓர் அதிகாரம் இருப்பதைச் சொல்வதே இல்லை. வள்ளுவருக்கு இரண்டும் வேண்டியிருந்தது. எனக்கு ஊழில் நம்பிக்கை கிடையாது. ஆனால் மனுஷ முயற்சிக்கு வெளியிலும் ஏதோ ஒன்று நின்று மறிக்கிறது என்ற யோசனையாவது அந்தக் காலத்து ஆளுக்கு இருந்திருக்கிறது.

சரி, நம் பக்கத்தில் வெற்றிக் கதை கிடையாதா? உண்டு. ஆனால் அவற்றை எழுதிய விதம் வேறு. இரட்டைமலை சீனிவாசன் 1939இல் எழுதிய 'ஜீவிய சரித்திர சுருக்கம்' சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளம் என்ற ஊரில் பிறந்து, ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டமெல்லாம் வாங்கி, லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்த மனிதர். சுயமுன்னேற்றக்காரர்கள் கையில் கிடைத்திருந்தால் பதினெட்டு வெற்றிப்படிகள் என்று பிரித்து எழுதியிருப்பார்கள். அவர் என்ன எழுதுகிறார்? கோயமுத்தூரில் படித்தபோது நானூறு மாணவர்களில் பத்துப் பேர் போக மற்றவர்கள் பார்ப்பனர்கள் என்கிறார். பழகினால் சாதியும் வீடும் தெரிந்துவிடும் என்று பயந்து, வெளியே எங்கேயாவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போனதைச் சொல்கிறார். வகுப்பு விட்டதும் மற்ற பிள்ளைகள் தன்னை எட்டிப்பிடிக்க முடியாதபடி வேகமாக வீட்டுக்கு நடந்ததைச் சொல்கிறார். திவான் பகதூர் ஆன பிறகு, எண்பது வயசை நெருங்கும்போது எழுதுகிறார் இதை. மறைத்திருக்கலாம். "கஷ்டப்பட்டுப் படித்தேன்" என்று ஒரு வரியில் தாண்டியிருக்கலாம். அவர் பயத்தைப் பயம் என்றே எழுதிவைத்தார். பயந்தது தன் குறை என்று மட்டும் எங்கும் எழுதவில்லை.

அந்த வேக நடையை மனசில் வைத்துக்கொண்டு மற்ற பக்கங்களைப் படித்தால் ஒன்று தெரியும். பட்டங்களின் கணக்கைவிட மனுக்கள், கூட்டங்களின் கணக்குதான் அதில் அதிகம். 1893இல் 'பறையன்' பத்திரிகை தொடங்கினார். மறைத்து வைத்த சாதிப்பேரையே பத்திரிகைக்குத் தலைப்பாக வைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, நடத்தினால் சாதி இந்துக்களே அதிகாரிகளாக வந்து நம்மை நசுக்குவார்கள் என்று 3412 பேரிடம் கையெழுத்து வாங்கி, 112 அடி நீளத்தில் ஒரு மனுவை லண்டனுக்கு அனுப்பினார். போட்டித் தேர்வு, தகுதி, திறமை என்று இன்றைக்கு நடக்கிற பேச்சுக்கு நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே எழுதப்பட்ட தலித் விமர்சனம் அது. அப்புறம் 1924இல் சென்னைச் சட்டசபையில் பொதுத் தெரு, பொதுக் கிணறு யாவும் எல்லாருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். யாரும் பார்க்காமல் வேகவேகமாக வீட்டுக்கு நடந்த பையன், கடைசியில் எல்லாரும் நிதானமாக நடப்பதற்கு வழி கேட்ட கதை இது. முன்னேற்றம் என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு அர்த்தம் இருக்கிறது.

இன்னொரு ஜோடிப் புத்தகத்தைச் சேர்த்துப் படிக்க வேண்டும். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அதில் சின்னப் பெண்ணாக இருக்கும் அவரிடம் அண்ணன் ஒரு புத்தி சொல்கிறார்: இந்தச் சாதியில் பிறந்ததால் நமக்கு மரியாதை கிடையாது, ஆனால் நன்றாகப் படித்து முன்னுக்கு வந்தால் இந்த அவமானத்தை எல்லாம் தூக்கியெறியலாம், எல்லாரும் தானாக வந்து ஒட்டிக்கொள்வார்கள் என்று. நம் வீடுகளில் சொல்லப்படாத வீடு எது? அந்தத் தங்கச்சி வெறித்தனமாகப் படிக்கிறார், முதலாவதாக வருகிறார். தோழிகளும் சேர்கிறார்கள், அது பொய்யில்லை. ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா, இவர் இறங்கும் இடம் சேரி என்று தெரிந்ததும் எழுந்து வேறு இடத்துக்குப் போகிறாள். முதல் ரேங்க் பஸ் சீட்டில் செல்லுபடியாகவில்லை.

அந்த அண்ணன்தான் ராஜ் கௌதமன், 2024இல் நம்மைவிட்டுப் போனவர். தங்கச்சியின் புத்தகம் வந்து பத்து வருஷம் கழித்து, 2002இல் அண்ணன் 'சிலுவைராஜ் சரித்திரம்' எழுதினார். தன்வரலாறு போன்ற நாவல். கருக்கில் தங்கச்சிக்குச் சொன்ன புத்திமதியைத் தானே கடைப்பிடித்தவனுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு அண்ணன் எழுதிய பதிலாகவே நான் இதை வாசிக்கிறேன். சிலுவை படிக்கிறான், படித்துக்கொண்டே இருக்கிறான், வேலை மட்டும் கிடைப்பதாக இல்லை. காரணம் அவன் சோம்பல் அல்ல, அவன் வேதக்காரன். 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவருக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவைத் திறந்தார்கள். கிறிஸ்தவத் தலித்துக்கு இன்றுவரை திறக்கவில்லை. தமிழ்நாட்டில் அவருக்குப் பிற்பட்டோர் சான்றிதழ். தெருவில் பழைய சாதி, தாலுகா ஆபீசில் வேறு சாதி. கடைசியில் சிலுவைராஜ் இந்துவாக மாறுகிறான், சான்றிதழுக்காக. இதை ராஜ் கௌதமன் அழுது எழுதவில்லை. தன்னையே நக்கலடித்துக்கொண்டு எழுதுகிறார். படித்துச் சிரித்த பிறகுதான் நமக்கு வயிறு எரியும்.

விசுவாசம் வெற்றி தரும் என்கிற மேடைப் பேச்சாளரிடம் இந்த நாவலை யாராவது கொடுக்க வேண்டும். மனசார ஒரு தேவனை நம்பியதற்காக வேலையை இழக்கிற ஜனம் இந்த நாட்டில் இருக்கிறது. வேலை வேண்டுமென்றால் நம்பிக்கையைக் காகிதத்திலாவது விற்க வேண்டியிருக்கிறது. என் கூட்டாளிகளில் வீட்டில் ஒரு பேர், சான்றிதழில் ஒரு பேர் வைத்திருப்பவர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு போவார்கள். அதுவும் ஒரு வேக நடைதான்.

இன்னும் கசப்பான ஒன்று மிச்சமிருக்கிறது. தடுப்பதோடு சாதி நின்றுவிடுவதில்லை. நாம் ஜெயித்தால் அதற்குத் தண்டனையும் உண்டு. பஞ்சாயத்துத் தேர்தலில் ஜெயித்ததற்காக மேலவளவு முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூனில் வெட்டப்பட்டார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், ஒழுங்காகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பிளஸ் டூ பையனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. தன்னைத் துன்புறுத்துவதைப் பற்றிப் பள்ளியில் சொன்னான், அதுதான் அவன் செய்தது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரீட்சைக்குப் போய்க்கொண்டிருந்த பையனைப் பஸ்ஸிலிருந்து இழுத்து விரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் ஜெயித்த ஆத்திரம் என்று வீட்டார் சொன்னார்கள். அரியலூர் அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கினார். அதற்கு மேல் எதை உழைப்பது? அளவுகோலையே நீட் என்று மாற்றினார்கள். 2017 செப்டம்பர் 1 அன்று அந்தப் பிள்ளை போய்ச் சேர்ந்தது.

நாங்குநேரிப் பையன் 2024இல் 469 மதிப்பெண் வாங்கித் தேறினான். கொண்டாட வேண்டிய விஷயம், நானும் கொண்டாடினேன். ஆனால் அன்றைக்கு வந்த பாராட்டுகளைப் பார்த்தால், அரிவாள் வெட்டு ஏதோ மழையில் நனைந்து காய்ச்சல் வந்த மாதிரி, மன உறுதியால் தாண்டப்பட்ட ஒரு 'சோதனை' ஆகிவிட்டிருந்தது. வெட்டியவன் மறைந்துபோய் வெட்டுப்பட்டவனின் தன்னம்பிக்கை மட்டும் மிஞ்சியது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையைப் பற்றி அந்தப் பாராட்டுக்காரர்களில் எத்தனை பேர் பேசினார்கள்?

நம்மவர்களையும் விடுவதற்கில்லை. ஏப்ரல் 14 வந்தால் தெருவுக்குத் தெரு பிளக்ஸ் வைக்கிறோம். அம்பேத்கர் வாங்கிய பட்டங்களை வரிசையாக அச்சடிக்கிறோம். விளக்கடியில் படித்தார், உயர்ந்தார், நீயும் படி. பாபாசாகேபையே சுயமுன்னேற்ற நாயகனாக ஆக்கிவிட்டோம். கொலம்பியாவில் படித்து முடித்து 1917இல் பரோடாவில் வேலைக்கு வந்தவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை என்பதையும், பார்சி விடுதியில் பொய்ப் பேர் சொல்லித் தங்கியிருந்து பதினோராம் நாள் தடிகளோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டதையும் அவரே எழுதிவைத்திருக்கிறார். அதைப் பிளக்ஸில் போடுவதில்லை. அத்தனை படித்தவர் 1927இல் மகாடில் ஒரு குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடிக்க ஆயிரக்கணக்கான பேரோடு நடந்துபோனார். பட்டம் அவருக்குத் தண்ணீர் தரவில்லை, நடந்துபோனதுதான் தந்தது. படித்து வேலைக்குப் போன தன் ஜனமே தன்னை ஏமாற்றிவிட்டதாக 1956இல் ஆக்ராவில் மனம் நொந்து பேசினார். டவுனில் வீடு கட்டி, ஊர்ப்பேரை மறைத்து, சொந்தக்காரன் வந்தால் மாடியில் உட்காரவைக்கும் நம் அண்ணன்மார்களை நான் திட்டப்போவதில்லை. அவர்களும் மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போகிறவர்கள்தான். ஆனால் அந்தப் பயத்தை எழுதிவைக்கவாவது செய்யலாம். 'நான் என் உழைப்பால் வந்தேன்' என்று மணிவிழா மலரில் எழுதும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உபகாரச் சம்பளத்தையும் இடஒதுக்கீட்டையும் அதற்காக அடி வாங்கியவர்களையும் எந்தக் கணக்கில் எழுதுவது?

இந்தக் கட்டுரையின் முதல் வரைவைப் படித்த தோழர் ஒருவர் கேட்டார்: "அப்ப பசங்கள படிக்க வேணாங்கிறியா? கஷ்டப்பட்டா பிரயோஜனம் இல்லன்னு சொல்லப்போறியா? அது அவங்களுக்குத்தான் சவுகரியம்." நியாயமான கேள்வி. நான் அப்படிச் சொல்லவில்லை. நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். கணக்குப் பாடம் போட வேண்டும். அந்தத் தம்பி ஐந்தாவது தடவையும் எழுத வேண்டும், அதற்கு நானே விண்ணப்பம் போட்டுக்கொடுப்பேன். நான் கேட்பது ஒன்றுதான். தோற்றால் அதற்கான காரணத்தை அவன் மனசுக்குள் மட்டும் போய்த் தேடச் சொல்லாதீர்கள். லட்சக்கணக்கில் எழுதி ஆயிரக்கணக்கில் எடுக்கிற தேர்வில் எவ்வளவு நல்ல மனசு இருந்தாலும் பெரும்பாலோர் வெளியேதான் நிற்பார்கள் என்ற சின்னக் கணக்கையாவது சேர்த்துச் சொல்லுங்கள்.

போன சனிக்கிழமை விடுதிக்கு 'ஜீவிய சரித்திர சுருக்கம்' எடுத்துக்கொண்டு போனேன். மொத்தம் ஒன்பது பேர்தான் உட்கார்ந்தார்கள். மெஸ்ஸில் அன்றைக்கு முட்டை, அதனால் அவசரம் வேறு. கோயமுத்தூர்ப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தேன். மணி அடிக்கிற இடம் வந்ததும் அந்தத் தம்பி நிறுத்தச் சொன்னான். "அண்ணா, நானும் அப்படித்தான் பண்ணுவேன், காலேஜ்ல. பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்து இருந்துட்டு, கிளாஸ் ஆரம்பிச்சப்புறம் போவேன். லேட்டா வர்றேன்னு திட்டுவாங்க" என்றான். ஏன் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன், "நீயுமாடா?" என்றான்.